பழைய கேபிள், பழைய கொம்பியூட்டரில வீட்டுச் சாமான்: வன்னியில குழுவா செய்து நியாய விலைக்கு விக்க ஒரு முழு வழிகாட்டி

எங்கட குழுவில ஆறு பேர், எல்லாரும் பெம்பிளையள், விசுவமடுப் பக்கம் ஒரு வீட்டு விறாந்தையில இருந்து பழைய நெட்வேர்க் கேபிளைப் பிரிச்சு தட்டம் இழைக்கிறம், கொம்பியூட்டருக்குள்ள இருக்கிற அலுமினியத்தில ஊதுபத்தி தாங்கி செய்யிறம், ஹார்ட் டிஸ்க்கில மணிக்கூடு செய்யிறம். புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், மாங்குளம், பூநகரி எண்டு பல இடத்தில இருந்தும் எப்பிடித் தொடங்கிறது எண்டு கேட்டுக்கொண்டே இருக்கினம், ஒவ்வொருத்தருக்கும் போனில அரைகுறையா சொல்லி முடிக்க ஏலாது, அதால தெரிஞ்சது எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதிறன். நீளமா இருக்கும். பொறுமையா வாசியுங்கோ, முக்கியமா கழட்டுற பகுதியையும் விலை போடுற பகுதியையும் பாஞ்சு போகாதேங்கோ.

இந்த வேலை எங்கட சனத்துக்குப் புதுசு இல்லை. 90களில பொருளாதாரத் தடைக்குள்ள பற்றரியும் மண்ணெண்ணையும் கிடைக்காத நேரம் சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி பெடலைச் சுத்தி டைனமோவில ரேடியோ நியூஸ் கேட்டது, ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சு வைச்சு கொஞ்ச எண்ணெய் விட்டு திரி போட்டு அந்த வெளிச்சத்தில சோதனைக்குப் படிச்சது எல்லாம் இஞ்ச தான். அப்ப ஒண்டும் இல்லாதபடியா ஒண்டையும் எறியேல்லை. இப்ப பள்ளிக்கூட ஸ்டோரில தூசி பிடிச்ச மொனிற்றர், கடைப் பின்பக்கம் குவிஞ்சு கிடக்கிற சீபியு, அலுவலகங்களில பைபர் வந்தாப்பிறகு கழட்டின ரெலிபோன் வயர் எண்டு நிறைஞ்சு போய்க் கிடக்கு. உலகம் முழுக்க 2022இல மட்டும் 6 கோடி 20 லட்சம் தொன் இலத்திரனியல் கழிவு வந்தது, அதில 22.3 வீதம் தான் ஒழுங்காச் சேர்த்து மீள்சுழற்சிக்குப் போனது எண்டு ஐநா அமைப்புகள் 2024இல போட்ட அறிக்கை சொல்லுது.

ஒரு விசயத்தை முதலே சொல்லிப்போடுறன், மிச்சம் எல்லாம் அதில தான் நிக்குது. செய்யிற பிள்ளையின்ர இரத்தத்தில ஈயம் ஏறினா அவளுக்கு எவ்வளவு கூலி குடுத்தாலும் அது நியாய விலை ஆகாது. அதே மாதிரி இழைக்கிற நேரத்துக்கு மட்டும் காசு குடுத்து, உரிக்கிற, கழுவிற, தரம் பிரிக்கிற நேரத்தைச் சும்மா எடுத்தாலும் அது நியாய விலை ஆகாது. பனை ஓலை வேலையில எங்கட அம்மாமாருக்கு நடந்தது அது தான், ஓலை வெட்டி, காய வைச்சு, வாந்து, சாயம் போட்ட நாள் ஒண்டும் கணக்கில வரேல்லை, பெட்டி ஒண்டுக்கு இவ்வளவு எண்டு குடுத்துப்போட்டுப் போனாங்கள்.

தொடக்கூடாத சாமான்

முதல் படி சாமான் சேர்க்கிறது இல்லை, எதைச் சேர்க்கக்கூடாது எண்டு சுவரில எழுதி ஒட்டுறது.

பெட்டி மாதிரி இருக்கிற பழைய ரீவி, மொனிற்றர் வேண்டாம். அந்தப் படக்குழாயின்ர கண்ணாடியில ஈயம் இருக்கு, உள்ளுக்க 25,000 வோல்ற் மட்டில ஏறி நிக்கும், பிளக்கைக் கழட்டினாப் பிறகும் கன நேரத்துக்கு அடிக்கும். மைக்ரோவேவ் வேண்டாம், அதில இருக்கிற கப்பாசிற்றர் ஆளைக் கொல்லும். ரியூப் லைற், சுருள் பல்ப், பழைய லப்டொப் ஸ்கிரீனுக்குப் பின்னால இருக்கிற மெல்லிய ரியூப் எல்லாத்திலயும் பாதரசம் இருக்கு. போன் பற்றரி, லப்டொப் பற்றரி ஊதியிருந்தா தொடவே தொடாதேங்கோ, ஊதாட்டியும் குத்தக்கூடாது வளைக்கக்கூடாது, தீப்பிடிச்சா தண்ணி ஊத்தி அணைக்கிற சின்ன நெருப்பா இராது. பிரிண்டர் தூள் வேண்டாம்.

இதுகள் வந்து சேர்ந்தா என்ன செய்யிறது எண்டு கேப்பியள். கிணத்தடியில புதைக்கிறது, குளக்கட்டில கொட்டுறது, ரோட்டோரத்தில எரிக்கிறது மூண்டும் கூடாது, நாங்கள் எல்லாரும் நிலத்தடித் தண்ணியைக் குடிக்கிற சனம். தனிப் பெட்டியில, மழை படாத இடத்தில, பற்றரி முனையில ரேப் ஒட்டி வைச்சுப்போட்டு மத்திய சுற்றாடல் அதிகார சபையிட்ட அனுமதி எடுத்த சேகரிப்பாளரிட்டக் குடுங்கோ. இலங்கையில 1980ஆம் ஆண்டு 47ஆம் இலக்கச் சுற்றாடல் சட்டத்துக்குக் கீழ 2008இல வந்த ஒழுங்குவிதியின்ர அட்டவணையில இலத்திரனியல் கழிவும் இருக்கு, அதைத் தொகையாச் சேர்க்க, களஞ்சியப்படுத்த உரிமம் வேணும். அதால சின்னனாத் தொடங்க முதலே மாவட்டத்தில இருக்கிற அதிகார சபை அலுவலகத்துக்குப் போய் நாங்கள் இது இது தான் எடுக்கிறம், இவ்வளவு தான் வைச்சிருப்பம், எங்களுக்கு உரிமம் தேவையா எண்டு கேட்டு பதிலை எழுத்தில வாங்குங்கோ. நாங்கள் சாமானைக் கேபிள், அலுமினியம், ஹார்ட் டிஸ்க் எண்டு மூண்டோட நிப்பாட்டினதுக்கு இதுவும் ஒரு காரணம்.

சாமான் எங்க எடுக்கிறது

பள்ளிக்கூடம், வங்கி, கூட்டுறவுச் சங்கம், கொம்பியூட்டர் திருத்திற கடை, சிசிடிவி பூட்டுற பெடியள். இந்தக் கடைசி ஆக்களைக் கட்டாயம் பிடியுங்கோ, கமரா பூட்டேக்க மிஞ்சிற நெட்வேர்க் கேபிள் துண்டு அவங்களுக்குக் குப்பை, எங்களுக்குத் தங்கம், அதுவும் சுத்தமான புது வயர், ஐஞ்சு மீற்றர் பத்து மீற்றர் எண்டு கிடக்கும்.

யாரிட்ட எடுத்தாலும் ஒரு துண்டு எழுதி வாங்குங்கோ, இன்ன திகதி, இவ்வளவு கிலோ, இவை தந்தவை எண்டு கையெழுத்தோட. செம்புக் கம்பி களவு போறது எல்லாருக்கும் தெரிஞ்ச பிரச்சினை, விறாந்தையில வயர் குவிச்சு வைச்சிருந்தா பொலிஸ் வந்து கேக்கும், கேக்கேக்க கொப்பியைக் காட்டினா கதை முடிஞ்சுது. வழியில போற ஆள் கொண்டுவந்து தாற கறுத்த தடிச்ச வயரை வாங்கவே கூடாது.

இன்னொண்டு, இதை எங்கட மண்ணில இருக்கிறபடியா தான் எழுதவேண்டிக் கிடக்கு. காட்டுக்குள்ள, வயல் கரையில, பழைய பங்கர் பக்கம் கிடக்கிற வயரையோ இரும்பையோ எடுக்காதேங்கோ, பிள்ளையளையும் பொறுக்க அனுப்பாதேங்கோ. கண்ணிவெடி அகற்றுற வேலை வருசக்கணக்கா நடந்தும் வெடிக்காத சாமான் இன்னும் மண்ணுக்குள்ள இருக்கு. கண்டா அப்பிடியே விட்டுட்டு வந்த வழியால திரும்பிப் போய் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கோ. வீட்டில, அலுவலகத்தில, கடையில இருந்து கைமாறி வாற சாமான் மட்டும் தான் எங்களுக்குச் சாமான்.

இடமும் கருவியும்

கழட்டுற இடமும் இழைக்கிற இடமும் வேற வேறயா இருக்கவேணும். கழட்டுறது காத்தோட்டமான கொட்டிலில, சமையல் பக்கம் இல்லை, பிள்ளையள் விளையாடுற முத்தம் இல்லை. மேசைக்கு மேல றெக்சின் விரியுங்கோ, வேலை முடிய ஈரத்துணியால துடையுங்கோ, விளக்குமாத்தால கூட்டினா தூசி எழும்பி மூக்குக்குள்ள போகும். கழட்டுறதுக்கு எண்டு ஒரு பழைய சேட், அதை அங்கயே கழட்டி வைச்சுப்போட்டு கை முகம் சவர்க்காரம் போட்டுக் கழுவிப்போட்டுத் தான் வீட்டுக்குள்ள போறது. கழட்டுற இடத்தில வெத்திலை போடுறதும் ரீ குடிக்கிறதும் எங்களிட்ட இல்லை. கர்ப்பமா இருக்கிற ஆக்கள், பால் குடுக்கிற ஆக்கள், 18 வயசுக்குக் கீழ இருக்கிற ஆக்கள் கழட்டுற பக்கம் வரக்கூடாது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு எண்டு ஒண்டு தெரியேல்லை எண்டு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, தாயின்ர உடம்பில இருந்து வயித்துப் பிள்ளைக்கும் போகும், பிள்ளையின்ர மூளையைத் தான் அது தாக்கும்.

கருவி பெரிசா ஒண்டும் இல்லை: நல்ல வெட்டுக் குறடு ரெண்டு, மூக்குக் குறடு ரெண்டு, ஸ்குறூ டிரைவர் செற் ஒண்டு, அதில நட்சத்திர முனை கட்டாயம் இருக்கவேணும், சாக்கு ஊசி, அளவு நாடா, கண்ணுக்குக் கண்ணாடி, ரப்பர் பூசின கையுறை, தூசிக்கு ஏற்ற மாஸ்க். சோல்டரிங் அயன் தேவையில்லை. ஈயம் உருக்கிற வேலை ஒண்டையும் நாங்கள் எடுக்கிறதில்லை.

தட்டம் இழைக்கிறது

இது தான் எங்கட முதல் சாமான், இப்பவும் கூட விக்கிறதும் இது தான். தென்னாபிரிக்காவில குவாசூலு நட்டால் பக்கம் சூலு ஆக்கள் ரெலிபோன் வயரில கிண்ணம் பின்னுறவை, இரவுக் காவல்காரர் பொழுது போக தங்கட தடியில மிஞ்சின வயரைச் சுத்தத் தொடங்கி வளர்ந்த கலை எண்டு சொல்லுவினம். நாங்கள் அதைப் பாத்துக் கொப்பி அடிக்கேல்லை. எங்களுக்குப் பனை ஓலையில கடகம், நீத்துப்பெட்டி, குட்டான் இழைச்ச கை இருக்கு, அந்தக் கைக்கு வயரைக் குடுத்தம், அவ்வளவு தான்.

நெட்வேர்க் கேபிள் ஒண்டுக்குள்ள நாலு சோடி, எட்டு வயர்: செம்மஞ்சள், பச்சை, நீலம், மண்ணிறம், ஒவ்வொண்டுக்கும் சோடியா வெள்ளையில அந்த நிறக் கோடு போட்ட வயர். முதல்ல கேபிளைச் சோதியுங்கோ. நுனியை உரிச்சு கம்பியைப் பிளேட்டால சுரண்டுங்கோ, உள்ளுக்கும் செம்பு நிறமா இருந்தா நல்லது, வெள்ளி மாதிரித் தெரிஞ்சா அது அலுமினியத்துக்கு மேல செம்பு பூசினது, நாலு தரம் வளைச்சா முறியும், ஒதுக்குங்கோ. பிறகு ஒற்றைக் கம்பியா, கன மெல்லிய கம்பி சேர்ந்ததா எண்டு பாருங்கோ. கொம்பியூட்டரில இருந்து சுவருக்குக் கொழுவிற குட்டி வயரில மெல்லிசு தான் இருக்கும், அது வளைச்ச இடத்தில நிக்காது. ஒற்றைக் கம்பி தான் வேணும்.

உரிக்கிறதுக்குக் கத்தியோட மல்லுக்கட்டாதேங்கோ. அனேகமான கேபிளுக்குள்ள ஒரு நூல் ஓடும், நுனியில ரெண்டு அங்குலம் வெட்டித் திறந்து அந்த நூலைக் குறடால பிடிச்சுப் பின்பக்கம் இழுத்தா வெளித்தோல் வாழைப்பழத் தோல் மாதிரிப் பிரிஞ்சு வரும். ரெண்டு மீற்றர் துண்டா வெட்டிப்போட்டு உரியுங்கோ, நீளமா இருந்தா முறுக்குப் பிரிக்கேக்க சிக்குப்படும். சோடியில ஒண்டை யன்னல் கம்பியில கட்டி மற்றதை மெல்ல மெல்லக் கழட்டிக்கொண்டு போங்கோ. பிறகு பழந்துணியை இறுக்கிப் பிடிச்சு வயரை ஒருக்கா இழுத்தா நெளிவு எடுபடும். சவர்க்காரத் தண்ணியில அலசி நிழலில காய விடுங்கோ, கடும் வெயிலில விட்டா நிறம் மங்கும்.

உரிச்ச வெளித்தோல் பிவிசி எண்ட பிளாஸ்ரிக். செம்பு எடுக்கிறம் எண்டு கேபிளை எரிக்கிறதை எத்தினை இடத்தில கண்டிருப்பம், அந்தப் புகையில டையொக்சின் எண்ட நஞ்சு வரும், அது காத்திலயும் மண்ணிலயும் மாட்டுப் பாலிலயும் சேரும். எங்களிட்ட ஒரு துண்டு எரியிறதில்லை, சாக்கில கட்டி மற்றக் கழிவோட சேகரிப்பாளருக்குக் குடுக்கிறம். உள் வயரின்ர பூச்சு அனேகமா பொலித்தீன் இனம், பிவிசியை விட நல்லது, எண்டாலும் சாப்பாட்டுச் சாமான் வைக்கிறதுக்கு எண்டு நாங்கள் ஒருநாளும் விக்கிறதில்லை. வெத்திலைத் தட்டம் செய்து தாங்கோ எண்டு கலியாண வீட்டுக்காரர் கேக்கினம், நல்ல காசும் வரும், வெத்திலை வாய்க்குப் போற சாமான் எண்டதால மாட்டம் எண்டு தான் சொல்லுறம். சாமியறைப் பூத்தட்டம், சாவித் தட்டம், தையல் சாமான் போடுற கிண்ணம், இதுக்கு மட்டும்.

வயரைச் சுத்த உள்ளுக்க வைக்கிற உள்ளீட்டுக்குப் பனை ஈர்க்கு. முதல்ல இரும்புக் கம்பி வைச்சுப் பாத்தம், பாரம் கூட, ஈரத்தில கறள் பிடிக்குது. நல்லாக் காஞ்ச ஈர்க்கு நாலைச் சேர்த்து ஒரு கட்டா எடுங்கோ, நுனி எல்லாம் ஒரே இடத்தில முடியாமல் ஏத்தி இறக்கி வையுங்கோ, ஒண்டு முடிய முதல் அடுத்ததைச் செருகிக்கொண்டு போகலாம். தொடங்கிற நுனியை ஒரு மணித்தியாலம் தண்ணியில ஊற விட்டாத் தான் முறியாமல் வளையும். மூண்டு சென்ரிமீற்றர் நீளத்துக்கு வயரை நெருக்கமாச் சுத்தி, நத்தை மாதிரி வளைச்சு, சாக்கு ஊசியால நடுவில ரெண்டு தரம் குத்தி இறுக்குங்கோ. பிறகு நாலு சுத்து உள்ளீட்டில, ஐஞ்சாவது சுத்து முன்னைய வட்டத்துக்குள்ள ஊசியை விட்டு இழுக்கிறது, திரும்ப நாலு சுத்து. இந்தக் கணக்கு பிழைக்காமல் போனா தட்டம் இறுக்கமா வரும். நிறம் மாத்தேக்க பழைய வயர் நுனியை உள்ளீட்டோட சேர்த்து வைச்சு புதுசை அதுக்கு மேலால சுத்துங்கோ, வெளியில நீட்டிக்கொண்டு நிக்கக்கூடாது. தட்டையா வேணும் எண்டா வட்டத்தைப் பக்கத்தில வையுங்கோ, குழியா வேணும் எண்டா கொஞ்சம் கொஞ்சமா மேல ஏத்துங்கோ, அது நீத்துப்பெட்டி இழைச்ச கைக்குச் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை.

ஆறு அங்குலத் தட்டம் ஒண்டுக்கு உள்ளீடு நாலரை மீற்றர் மட்டில, சுத்திற வயர் 45 மீற்றர் வரும், கேபிளாப் பாத்தா ஏறக்குறைய ஆறு மீற்றர். வெள்ளைக் கோட்டு வயர் தான் எப்பவும் மிஞ்சும், அதால வெள்ளையை அடி நிறமா வைச்சு மற்ற நிறத்தைக் கோலமாப் போடுங்கோ. முடிஞ்சாப்பிறகு ஒரு மெல்லிய பருத்தித் துணியைத் தட்டம் முழுக்கத் தடவுங்கோ, எங்கயாவது நூல் மாட்டினா அங்க செம்பு நுனி நிக்குது, குறடால உள்ளுக்கத் தள்ளுங்கோ. இந்தச் சோதனை இல்லாமல் ஒரு தட்டமும் வெளிய போகக்கூடாது, வாங்கிற வீட்டில குழந்தைப் பிள்ளை இருக்கும்.

ஊதுபத்தி தாங்கி

கெதியாச் செய்யலாம். சீபியுவுக்குள்ள ஃபானுக்குக் கீழ இருக்கிற அலுமினியச் செதில் கட்டை, ஃபானை நாலு ஸ்குறூவில கழட்டி, அடியில இருக்கிற பசையைக் கையுறையோட சேர்ஜிக்கல் ஸ்பிரிற் நனைச்ச துணியால துடைச்சு, பழைய பல் பிறஷ் போட்டுச் சவர்க்காரத்தில கழுவிக் காய விடுங்கோ. செதிலுக்கு இடையில ஊதுபத்திக் குச்சி நிக்கும், அலுமினியம் எண்டதால நெருப்பும் பிடிக்காது. அடியில பழைய வீட்டுக் கூரையில கழட்டின பனஞ்சிலாகைத் துண்டு ஒண்டு, சாம்பல் விழ அரை அங்குலம் குழி எடுத்து, தேங்காய் எண்ணெய் தேய்ச்சா கறுப்பு வெள்ளை நார் வடிவா எழும்பும். இதுக்காகப் புதுசா ஒரு பனையும் தறிக்க வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க் மணிக்கூடு

மேசைக் கொம்பியூட்டர் ஹார்ட் டிஸ்க் மட்டும் எடுங்கோ. அதுக்குள்ள இருக்கிற கண்ணாடி மாதிரி மினுங்கிற தட்டு அனேகமா அலுமினியம், 95 மில்லிமீற்றர் அகலம், நடுவில 25 மில்லிமீற்றர் ஓட்டை. லப்டொப்பில இருக்கிற சின்ன டிஸ்க்கில தட்டு கன நேரம் கண்ணாடியாவே இருக்கும், வளைச்சா முகத்துக்கு நேர தூளாச் சிதறும். மூடியைத் திறக்க நட்சத்திர முனை எட்டாம் நம்பர், அடி போர்ட்டுக்கு ஆறாம் நம்பர், லேபிளுக்குக் கீழ ஒரு ஸ்குறூ ஒளிச்சிருக்கும். உள்ளுக்க இருக்கிற ரெண்டு காந்தமும் சின்னன் தான், ஆனால் விரல் இடையில மாட்டினா இரத்தம் கட்டும், இதயத்துக்கு மெசின் வைச்ச ஆக்கள் கிட்ட வரக்கூடாது, பிள்ளையள் விழுங்கினா குடலைக் கிழிக்கும், உடன பெட்டியில போட்டுப் பூட்டுங்கோ.

தந்த ஆளின்ர படம், கணக்கு எல்லாம் அந்தத் தட்டில தான் இருந்தது. அதால ரெண்டு பக்கமும் மெல்லிய உப்புத்தாள் போட்டு வட்டமாத் தேய்ச்சுப்போட்டுத் தான் பாவிக்கிறம், தண்ணியில நனைச்சுத் தேயுங்கோ, தூசி பறக்காது. தேய்ச்சா கண்ணாடி மினுக்கம் போய் வெள்ளிச் செம்பு மாதிரி மங்கலா வரும், எனக்கு அது தான் கூட வடிவு. வங்கி, பள்ளிக்கூடம் எண்டா அவையின்ர ஆள் ஒருத்தர் முன்னால நிண்டு பாக்கட்டும். நடு ஓட்டை மணிக்கூட்டு மெசினுக்குப் பெரிசு, அதுக்கு மூடியில இருந்து ஒரு வட்டம் வெட்டி அடியில வையுங்கோ. மெசின் கடையில விக்குது, பென்ரோச் பற்றரி ஒண்டில ஓடும்.

கொம்பியூட்டருக்குள்ள இருக்கிற பச்சை போர்ட்டை வெட்டி கப் வைக்கிற தட்டு செய்யச் சொல்லிக் கன பேர் கேக்கினம், வெளிநாட்டில அது தான் கூட ஓடுது. நாங்கள் தொடக்கத்தில இரும்பு வாளால வெட்டிப் பாத்தம், ரெண்டு பேருக்கு மூண்டு நாளாக் கையெல்லாம் கடி. அந்தப் போர்ட் கண்ணாடி நாரும் எபொக்சி எண்ட பசையும், தீப்பிடிக்காமல் இருக்கப் புரோமின் சேர்ந்த இரசாயனமும் இருக்கு, 2006இல ஐரோப்பா கட்டுப்பாடு கொண்டுவர முதல் செய்த போர்ட் எண்டா ஒட்டின சோல்டரில மூண்டில ஒரு பங்குக்கு மேல ஈயம். தூசி உறிஞ்சிற மெசின், தனி அறை எல்லாம் இருந்தாலொழிய வெட்டாதேங்கோ. எங்களிட்ட இல்லை, அதால செய்யிறதில்லை. 230 வோல்ற்றில கொழுவிற விளக்கும் செய்யிறதில்லை, யாருக்காவது சோக் அடிச்சா ஆர் பொறுப்பு. விளக்கு வேணும் எண்டா யூஎஸ்பியில ஓடுற எல்ஈடி மட்டும், அதையும் கிளிநொச்சி அறிவியல் நகரில மின் வேலை படிக்கிற பிள்ளையள் ஆரையாவது கொண்டு சோதிச்சுப்போட்டு விடுங்கோ.

விலை போடுறது

இதில தான் எல்லாக் குழுவும் விழுந்து எழும்புது. கடையில இதே மாதிரிப் பிளாஸ்ரிக் தட்டம் 300 ரூபா, அப்ப நாங்கள் 500 போடுவம் எண்டு தொடங்கினா முடிஞ்சுது. வெளியில இருந்து உள்ளுக்க வராதேங்கோ, கையில இருந்து வெளிய போங்கோ.

மூண்டு பேரைத் தனித்தனியா ஒரே தட்டம் இழைக்க விட்டு நேரம் எழுதுங்கோ. எங்களிட்ட ஒருத்தி நாலரை மணித்தியாலம், ஒருத்தி ஐஞ்சரை, இன்னொருத்தி ஆறு. கெட்டிக்காரியின்ர நேரத்தை எடுத்தா மற்ற ரெண்டு பேருக்கும் ஒவ்வொரு தட்டத்திலயும் நட்டம், அதால நடுவில இருக்கிற ஐஞ்சரையை எடுத்தம். உரிக்க, முறுக்குப் பிரிக்க ஒரு மணித்தியாலம், கழுவித் தரம் பிரிக்க அரை. மொத்தம் ஏழு.

மணித்தியாலக் கூலிக்கு அடி எது எண்டு தெரியவேணும். இலங்கையில தேசிய ஆகக்குறைஞ்ச சம்பளம் 2025 ஏப்ரலில மாதம் 27,000 ஆக்கினவை, 2026 ஜனவரியில இருந்து 30,000, நாளுக்கு 1,200. எட்டு மணித்தியாலத்தால பிரிச்சா 150. இது சட்டம் சொல்லுற அடி, இதுக்குக் கீழ போகவே ஏலாது, ஆனால் இதைக் குடுத்தா நியாயம் எண்டு அர்த்தம் இல்லை, தோட்டக் கூலிக்குப் போனாலே இதை விடக் கூடக் கிடைக்கும். ஆறு பேரும் இருந்து அரிசி, மா, கறன்ற் பில், பிள்ளையளின்ர ரியூசன், பஸ் காசு எல்லாம் எழுதிக் கூட்டிப்போட்டு 200 எண்டு வைச்சம்.

ஏழு மணித்தியாலம் 1,400 ரூபா. கேபிளுக்குத் தந்த ஆளுக்கும் கொண்டுவந்த ஆட்டோவுக்கும் 100. ஈர்க்கு, சவர்க்காரம், கையுறைத் தேய்மானம், லேபிள் 120. கொட்டில், கறன்ற், போன், கருவி எண்டு பொதுச் செலவில ஒரு தட்டத்தின்ர பங்கு 180. கூட்டினா 1,800. அதில பத்து வீதம் குழு நிதிக்கு 180. மொத்தம் 1,980, நாங்கள் 2,000க்குக் குடுக்கிறம். உங்கட இலக்கம் வேறயா வரும், கணக்குப் போடுற வழி இது தான். கொழும்பில கடைக்காரர் தன்ர வாடகை, ஆள் சம்பளம் எல்லாம் போட்டு இதை ரெண்டு மடங்குக்கு விப்பார், அதில கோவிக்க ஒண்டும் இல்லை, ஆனால் அவர் எவ்வளவுக்கு விக்கிறார் எண்டு எங்களுக்குச் சொல்லவேணும், நாங்கள் எவ்வளவு கூலி குடுக்கிறம் எண்டு அவருக்குச் சொல்லுவம்.

ஆயிரத்துக்குத் தாங்கோவன் எண்டு கேக்கிற ஆக்களுக்கு நான் விலையைக் குறைக்கிறதில்லை, சின்னத் தட்டத்தைக் காட்டுறன். நாலு அங்குலம், மூண்டு மணித்தியால வேலை. கூலி குறையேல்லை, சாமான் சின்னன்.

பழகிற முதல் ரெண்டு மாதம் மணித்தியாலத்துக்கு, பிறகு துண்டுக்கு எண்டு குடுங்கோ. பழகிறவளுக்குத் துண்டுக்கணக்கில குடுத்தா அவள் கண்ணீரோட விட்டுட்டுப் போவாள், எங்களிட்ட அப்பிடி ஒரு பிள்ளை போனது, பிறகு தான் மாத்தினம்.

ஓடர் எடுக்கிறது

தொடங்கின காலத்தில ஒரு கடைக்காரர் 80 தட்டம் கேட்டார், நல்ல மனுசராக் கதைச்சார், எழுத்தில ஒண்டும் இல்லை, முற்பணமும் இல்லை. குடுத்து நாலு மாதத்துக்குப் பிறகு தான் காசு வந்தது, அதுக்குள்ள ஒரு அக்கா நகையை அடகு வைச்சா. அந்தப் பிழை எங்கட பிழை தான் எண்டு அப்ப நினைச்சம், பிறகு தான் தெரியும் உலக நியாய வணிக அமைப்பின்ர பத்துக் கொள்கையிலயே கைவினைப் பொருளுக்குச் செய்யிற ஆக்கள் கேட்டா ஆகக்குறைஞ்சது 50 வீதம் முற்பணம் வட்டி இல்லாமல் குடுக்கவேணும் எண்டு இருக்கு எண்டு. இப்ப அரைவாசி கைக்கு வந்தாத் தான் கேபிளில கை வைக்கிறம். ஒரு தாளில தமிழில எழுதுங்கோ: எத்தினை, என்ன நிறம், எப்ப குடுக்கிறது, மிச்சக் காசு எத்தினை நாளில, இடையில ஓடரை நிப்பாட்டினா செய்த அளவுக்குக் காசு தரவேணும், எங்களில பிழை எண்டா நாங்கள் திருப்பிச் செய்து தருவம். ரெண்டு பக்கமும் கையெழுத்து.

அந்த அமைப்பின்ர சின்னத்தைச் சும்மா எடுத்து ஒட்டக்கூடாது, அவையின்ர பரிசோதனை முடிச்ச உறுப்பினர் தான் பாவிக்கலாம். வாழைப்பழம், தேயிலையில காணுற ஃபெயார்ட்ரேட் (Fairtrade) சின்னம் வேற, அது அனேகமாப் பயிர்ச் சாமான் பக்கம் தான், கைவினைக்கு வராது. எங்கட லேபிளில சின்னம் இல்லை, கணக்கு இருக்கு: வேலை ஏழு மணித்தியாலம், கூலி 1,400, மிச்சம் இன்ன இன்ன. வாங்க வாற ஆக்கள் அதை வாசிச்சுப்போட்டுப் பேரம் பேசாமல் போறதை நான் கண்ணால கண்டிருக்கிறன்.

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில பதியுங்கோ, குழு பேரில வங்கிக் கணக்கு, ரெண்டு பேர் கையெழுத்து. அதே செயலகத்தில சின்னத் தொழிலுக்குத் தொழில்நுட்ப உதவி செய்யிற விதாதா வள நிலையம் இருந்தா பொதி செய்யிறது, லேபிள் அடிக்கிறது பற்றிக் கேக்கலாம். கைத்தொழில் அபிவிருத்திச் சபை, தேசிய அருங்கலைகள் பேரவை ரெண்டுக்கும் சாமானைக் கையில கொண்டு போய்க் காட்டுங்கோ, போனில சொன்னா வயரில தட்டமோ எண்டு தான் கேப்பினம்.

லேபிளும் படமும்

வெளிநாட்டில இருந்து வாற ஆக்கள் சிலர் சண்டையில ஆரை இழந்தனியள், அதைப் போட்டா நல்லா விக்கும் எண்டு சொல்லுவினம், நல்ல மனசோட தான் சொல்லுறது. எங்களில புருசனை இழந்த ஆக்களும் இருக்கினம், கால் இழந்த ஆளும் இருக்கிறா, கதிரையில இருந்தபடி எங்கள் எல்லாரையும் விட நேரா இழைப்பா. அவவின்ர காலை லேபிளில போடமாட்டம். ஆர் இழைச்சது எண்டு அவவுக்கு விருப்பம் எண்டா பேர், எந்த ஊர், எத்தினை மணித்தியாலம், கேபிள் முந்தி எங்க ஓடினது, அவ்வளவு காணும். முகம் தெரியிற படம் எடுக்க முதல் ஒவ்வொரு தரமும் கேக்கவேணும், ஒருக்கா ஓம் எண்டதுக்காக எப்பவும் ஓம் இல்லை.

லேபிளின்ர பின்பக்கம் மூண்டு வரி கட்டாயம்: சாப்பாட்டுச் சாமான் வைக்கவேண்டாம், குழந்தைப் பிள்ளையள் வாயில வைக்க விடவேண்டாம், ஈரத்துணியால துடைக்கலாம்.

விக்கிறது, அனுப்புறது

ஆடி ஆவணியில வெளிநாட்டு ஆக்கள் லீவுக்கு வருவினம், அதுக்கு சித்திரையில இருந்தே இழைச்சு வையுங்கோ. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஏ9 றோட்டாலயும் பரந்தன் முல்லைத்தீவு றோட்டாலயும் போற சனம் கனக்க, பூத்தட்டம் அப்ப போகும். ஒன்லைனில போடுற படத்துக்குப் பக்கத்தில ஒரு தேசிக்காயை வையுங்கோ, அளவு விளங்கும், சின்னனா இருக்கு எண்டு திருப்பி அனுப்பிறது குறையும்.

வெளிநாட்டுக்குத் தபாலில அனுப்பேக்க படிவத்தில கைவினை வீட்டுச் சாமான் எண்டு உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ, பற்றரி ஒண்டும் உள்ளுக்க வைக்காதேங்கோ, மணிக்கூட்டுக்கும் பற்றரி அங்க வாங்கட்டும். 2025 ஜனவரி 1இல இருந்து, கழிவு பற்றின உலக உடன்படிக்கையான பாசல் உடன்படிக்கையில எல்லா வகை இலத்திரனியல் கழிவும் நாடு விட்டு நாடு போறதுக்குக் கட்டுப்பாட்டுக்குள்ள வந்திட்டுது. செய்து முடிஞ்ச தட்டம் கழிவு இல்லை, ஆனால் கழட்டின மிச்சச் சாமான் ஒண்டையும் சாம்பிள் எண்டு சேர்த்து அனுப்பாதேங்கோ, தொகையா அனுப்புறதெண்டா முதல் சுங்க முகவரிட்டக் கேளுங்கோ. சுத்துறதுக்குப் பேப்பரும் காஞ்ச வாழைச்சருகும் காணும்.

கடைசியா ஒரு கொப்பி. ஒவ்வொரு மாதக் கடைசிச் சனிக்கிழமையும் ரீ போட்டுக்கொண்டு அதைச் சத்தமா வாசிக்கிறம், வந்த காசு, போன காசு, ஆருக்கு எவ்வளவு, பெட்டியில எவ்வளவு கழிவு இன்னும் குடுக்காமல் கிடக்கு, ஆருக்காவது கை கடிக்குதோ இருமல் இருக்கோ. எழுத வாசிக்கக் கஷ்டப்படுற அம்மா ஒருத்தி எங்களோட இருக்கிறா, அவவுக்கு விளங்கினாப் பிறகு தான் கொப்பியை மூடுறது. தட்டத்தில எங்கயாவது இழை கழண்டா எங்களிட்டத் திருப்பி அனுப்பச் சொல்லி லேபிளில போட்டிருக்கிறம், திருத்திக் குடுக்கக் காசு எடுக்கிறதில்லை, அந்த நேரத்துக்கான கூலியைக் குழு நிதியில இருந்து இழைக்கிற ஆளுக்குக் குடுக்கிறம்.